பாலில் ஊறும் ஸ்பாஞ்ச் கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேக்கைச் செய்து பார்த்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி பாலைப் பற்றியவைதான். எந்தப் பால், எவ்வளவு பால், எப்போது ஊற்ற வேண்டும், ஏன் அடியில் தேங்கி நிற்கிறது என்று கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டே போனால், கோளாறு பாலுக்கு ரொம்ப முன்னாலேயே, முட்டை அடித்த கிண்ணத்தில் தொடங்கியிருப்பது தெரியும். அதனால் இங்கே ஸ்பாஞ்சைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். அது சரியாக வந்துவிட்டால் பால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இது என்ன கேக்?

ஸ்பானிஷ் மொழியில் இதன் பெயர் 'த்ரெஸ் லெச்செஸ்'. மூன்று பால் என்று பொருள். சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த கன்டென்ஸ்டு மில்க், சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த எவாப்பரேட்டட் மில்க், அப்புறம் சாதாரணப் பால் அல்லது கிரீம். மூன்றையும் கலந்து, ஆறிய ஸ்பாஞ்ச் கேக்கின் மேல் ஊற்றி, ஃப்ரிட்ஜில் பல மணி நேரம் ஊறவிட்டு, மேலே அடித்த கிரீம் பூசிப் பரிமாறுவார்கள்.

லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிறந்தநாள், விசேஷம் என்றால் இந்தக் கேக் வந்துவிடும். மெக்சிகோக்காரர்கள் எங்களுடையது என்பார்கள், நிகரகுவாக்காரர்கள் எங்களுடையது என்பார்கள். கன்டென்ஸ்டு மில்க்குக்கு அமெரிக்காவில் கெய்ல் போர்டன் காப்புரிமை பெற்றது 1856-ல். ஆகவே டப்பாப் பாலை நம்பி நிற்கும் இந்த வடிவம் அதற்குப் பிறகு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அல்பேனியாவிலும் துருக்கியிலும் இதே கேக்குக்கு 'த்ரிலேச்சே' என்று பெயர். அங்கே மேலே கிரீமோடு பளபளவென்று கேரமலும் ஊற்றுவார்கள்.

அளவுகளைச் சொல்லுங்கள்.

20 சென்டிமீட்டர் (8 அங்குலம்) சதுரத் தட்டுக்கு:

ஸ்பாஞ்சுக்கு 3 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 80 கிராம் மைதா, தலைதட்டிய 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 3 டேபிள்ஸ்பூன் பால், 1 டீஸ்பூன் வெனிலா எசென்ஸ், ஒரு சிட்டிகை உப்பு.

ஊறவைக்க 200 கிராம் கன்டென்ஸ்டு மில்க், 180 மில்லி எவாப்பரேட்டட் மில்க், 75 மில்லி கொழுப்பு எடுக்காத பால். எல்லாம் சேர்த்து சுமார் 400 மில்லி வரும்.

மேலே பூச 200 மில்லி விப்பிங் கிரீம், 1 டேபிள்ஸ்பூன் பொடித்த சர்க்கரை.

23 × 33 சென்டிமீட்டர் பெரிய தட்டு என்றால் 5 முட்டை. மற்றதையெல்லாம் ஒன்றே முக்கால் மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். மைதாவை மட்டும் தராசில் நிறுத்து எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 20, 30 கிராம் கூடுதலாக வந்துவிடும். 80 கிராமில் 30 கிராம் கூடினால் அது வேறு கேக்.

வெண்ணெயோ எண்ணெயோ ஏன் இல்லை?

இது தெரிந்தே விட்டது. வெண்ணெய் சேர்த்த கேக்கைத் தனியாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும், ஆனால் அதன் உள்பக்கம் நெருக்கமாக இருக்கும். கொழுப்பு மாவின் மேல் ஒரு படலம்போலப் படிந்துவிடுவதால் பால் எளிதில் உள்ளே போகாது. ஃப்ரிட்ஜில் வைத்ததும் வெண்ணெய் இறுகி, கேக் இன்னும் கெட்டியாகும்.

கொழுப்பில்லாத ஸ்பாஞ்ச் வேறு மாதிரி. பிய்த்துப் பார்த்தால் உள்ளே கண்ணுக்குத் தெரிகிற சிறு சிறு அறைகள் இருக்கும். அவை காற்று நின்ற இடங்கள். பால் ஊற்றும்போது காற்று வெளியேறி அந்த இடத்தில் பால் போய் உட்காருகிறது. சுவர்களாக நிற்பது வெந்து இறுகிய முட்டைப் புரதமும் மைதாவும்தான். அதனால்தான் இவ்வளவு பாலைக் குடித்தும் கேக் கரைந்து போகாமல் துண்டாக வெட்ட வருகிறது.

பால் ஊற்றுவதற்கு முன் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் வறட்சியாக, தண்ணீர் கேட்கிற மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் பயந்துபோய், அடுத்த தடவை மாவில் எண்ணெய் சேர்த்துவிடுகிறார்கள்.

வெள்ளைக் கருவையும் மஞ்சள் கருவையும் தனித்தனியாக அடிப்பது அவசியமா?

முழு முட்டையை அடித்தும் செய்யலாம், பழக்கம் இருந்தால். முதல் தடவை செய்கிறவர்களுக்குப் பிரித்து அடிப்பதையே சொல்வேன். எங்கே நிறுத்துவது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், மஞ்சள் கரு உடையாது. பிரித்தபின் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ச்சி விட்ட வெள்ளைக் கரு இன்னும் சுலபமாக நுரைக்கும். கிண்ணம் கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அந்தப் பிசுக்கே நுரையைக் கெடுக்கப் போதும். ஒரு சொட்டு மஞ்சள் கரு விழுந்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரித்து, அப்புறம் பெரிய கிண்ணத்தில் சேருங்கள்.

இனி அடிக்கிற கட்டம். முதலில் சோப்பு நுரைபோலப் பெரிய குமிழ்கள் வரும். அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரை உறுதியாக நிற்கும். குமிழ்கள் சிறுத்து, நிறம் கண்ணாடி போன்றதிலிருந்து பால்வெள்ளைக்கு மாறும்போது, பாதிச் சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாகச் சேருங்கள். கொஞ்ச நேரத்தில் பீட்டர் கம்பிகள் போன தடம் நுரைமேல் அப்படியே நிற்கும். பீட்டரை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். நுனி கூம்பாக நின்று, உச்சி மட்டும் லேசாக வளைந்து, மேற்பரப்பு பளபளவென்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் அடித்தால் பளபளப்பு போய், பஞ்சு உதிர்ந்த மாதிரித் திட்டுத் திட்டாகிவிடும். அந்த நிலைக்குப் போன நுரை மாவோடு கலக்காது, வெள்ளைக் கட்டிகளாகவே நிற்கும்.

மஞ்சள் கருவை மீதிச் சர்க்கரையோடு வெளிறிய மஞ்சளாகும் வரை அடித்து, பால், வெனிலா இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவு கலக்கும்போது நுரை அடங்கிவிடுகிறது. என்ன செய்வது?

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் இரண்டு தடவை சலித்து மஞ்சள் கருக் கலவையில் சேர்த்துக் கலக்குங்கள். இது கெட்டியாகத்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு வெள்ளை நுரையை இதில் போட்டுத் தைரியமாகக் கலக்குங்கள். இந்தப் பங்கைப் பலி கொடுத்துத்தான் மாவை இளக்கிக்கொள்கிறோம். மீதியை இரண்டு தடவையாகச் சேர்க்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஸ்பாட்டுலாவை நடுவில் கத்திபோல இறக்கி, அடியோடு வழித்து, மேலே புரட்டிப் போட்டு, கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். திரும்ப அதே. வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். 'இன்னும் இரண்டு சுற்று' என்று கை போகும், போகவிடாதீர்கள்.

கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. ஓவன் அதற்கு முன்பே சூடாகியிருக்க வேண்டும்.

எந்தத் தட்டு? வெண்ணெய் தடவலாமா?

5 சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும், பாலும் கிரீமும் நிற்க இடம் வேண்டும். அடி கழற்றுகிற தட்டு வேண்டாம், பால் முழுவதும் இடுக்கு வழியாக வழிந்துவிடும். அடியில் மட்டும் லேசாகத் தடவி, பட்டர் பேப்பர் போடுங்கள். பக்கங்களில் தடவ வேண்டாம், ஸ்பாஞ்ச் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும். கண்ணாடித் தட்டில் செய்தால் ஓவன் சூட்டை 10 டிகிரி குறைத்து, சில நிமிடங்கள் கூடுதலாக விடுங்கள். கண்ணாடி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஓரங்களைச் சீக்கிரம் சிவக்கவிடும்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

175 டிகிரி செல்சியஸ், 25 முதல் 28 நிமிடம். உள்ளே விசிறி சுழலும் ஓவன் என்றால் 160 டிகிரி. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

நடுவில் டூத்பிக் குத்தினால் சுத்தமாக வர வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் மேலெழும்பி வர வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 96 டிகிரியைத் தொட்டிருக்கும். இந்தக் கேக்கில் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தால் பெரிய நஷ்டமில்லை. குறைவாக வெந்தால்தான் பால் பட்டதும் நடுப்பகுதி கூழாகிவிடும்.

ஓவன் இல்லை. செய்யவே முடியாதா?

முடியும். அடி கனமான, மூடி நன்றாகப் பொருந்துகிற பாத்திரம், அல்லது பிரஷர் குக்கர். குக்கர் என்றால் விசிலையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிடுங்கள், உள்ளே தண்ணீர் கூடாது. ஒரு ஸ்டாண்ட் வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கி, கேக் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். மேல்பக்கம் சிவக்காது, வெளிறியே இருக்கும். கிரீம் மூடப்போகிறதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெந்ததா என்பதை டூத்பிக்கை வைத்து முடிவு செய்யுங்கள், நிறத்தை வைத்து வேண்டாம்.

பாலை எப்போது, எப்படி ஊற்றுவது? எனக்கு எப்போதும் கொழகொழவென்று ஆகிறது.

கேக் முழுக்க ஆறட்டும். ஒரு மணி நேரமாவது. நான் இந்தக் கேக்கைச் செய்யத் தொடங்கிய நாட்களில், ஒரு முறை அவசரத்தில் ஓவனிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடமே சூடான பாலை மொத்தமாக ஊற்றிவிட்டேன். ஓரங்கள் தட்டை விட்டுப் பிரிந்து, கேக் அப்படியே மேலே மிதந்தது. மாலையில் வெட்டப் போனால் கரண்டியில்தான் அள்ள வந்தது. சூடான ஸ்பாஞ்சின் சுவர்கள் இன்னும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் அவ்வளவு பாலின் கனத்தை அவற்றால் தாங்க முடியாது.

இப்போது செய்வது இப்படி. கேக்கின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று இருக்கும். கத்தியால் ஒரு மூலையில் தூக்கினால் தாள்போல உரிந்து வரும். அது இருந்தால் பால் மேலேயே நின்று வழுக்கும். உரித்துவிட்டு, முள்கரண்டியால் அடிவரை போகும்படி விரற்கடைக்கு ஒரு குத்து வீதம் முழுக்கக் குத்துங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் நெருக்கமாக. அங்கேதான் கேக் கெட்டியாக இருக்கும், அங்கேதான் எல்லோரும் குத்த மறப்பார்கள்.

மூன்று பாலையும் கட்டியில்லாமல் கலக்குங்கள். அறையின் சூட்டிலேயே இருக்கட்டும், கொதிக்கவும் வேண்டாம், சில்லென்றும் வேண்டாம். ஒரு கரண்டி எடுத்து ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். பால் ஒரு நொடி மேலே தேங்கி நிற்கும், பிறகு குத்திய துளைகளில் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழ்கள் வரிசையாக வெடிக்கும். உள்ளே இருந்த காற்று வெளியே வருகிறது. காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். குமிழ்கள் அடங்கியதும் அடுத்த கரண்டி. இப்படி நாலு தவணையாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிட இடைவெளி விட்டு ஊற்றினால் 400 மில்லியும் உள்ளே போய்விடும்.

பிறகு மூடி ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம். ஒரு இரவு முழுக்க வைத்தால்தான் நான் திருப்தியாகப் பரிமாறுவேன். ஊற்றியவுடன் பால் அடிப்பக்கம்தான் அதிகம் இருக்கும். மேலே ஏறி எங்கும் ஒரே சீராகப் பரவ அந்த நேரம் தேவை.

காலையில் பார்த்தால் அடியில் பால் நிற்கிறது. தப்பா?

இரண்டு மூன்று ஸ்பூன் அளவு நின்றால் தப்பில்லை, நல்லதுதான். வெட்டிய துண்டின் மேல் அதையே எடுத்து ஊற்றிச் சாப்பிடலாம். குளம்போல நின்று, மேல்பாதி வறண்டு கிடந்தால் ஸ்பாஞ்ச் நெருக்கமாக இருந்திருக்கிறது. நுரை அடங்கிப் போயிருக்கும், அல்லது மைதா கூடியிருக்கும், அல்லது அடிவரை குத்தியிருக்க மாட்டீர்கள். உடனடிச் சமாளிப்பு: தட்டைச் சாய்த்துத் தேங்கிய பாலை ஸ்பூனால் எடுத்து மேலே ஊற்றி, இன்னும் சில மணி நேரம் விடுங்கள்.

எவாப்பரேட்டட் மில்க் கிடைக்கவில்லை.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பாலிலிருந்து ஏறக்குறைய 60 சதவீதத் தண்ணீர் போனால் அதுதான் எவாப்பரேட்டட் மில்க். அரை லிட்டர் கொழுப்பு எடுக்காத பாலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில், அடிக்கடி கிளறி, ஏடு படியும்போது அதையும் உள்ளே தள்ளி, 200 மில்லியாகும் வரை சுண்டவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடிகட்டி ஆறவிடுங்கள். காய்ச்சிய வாசனையும் லேசான பழுப்பும் வரும், டப்பாவில் வருவதற்கும் அதே குணம் உண்டு. எனக்கென்னவோ வீட்டில் சுண்டவைத்ததுதான் பிடிக்கிறது. அடிபிடித்துவிட்டால் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள், அந்த வாசனை கேக் முழுக்க ஏறிவிடும்.

தித்திப்பு திகட்டுகிறது. குறைக்கலாமா?

கன்டென்ஸ்டு மில்க்கை 150 கிராமாகக் குறைத்து, அந்த இடத்தில் சாதாரணப் பாலை ஊற்றுங்கள். கிரீமில் சர்க்கரையையே விட்டுவிடலாம். பால் கலவையில் ஒரு சிட்டிகை உப்பு போட்டாலும் தித்திப்பு தணிந்து தெரியும். ஸ்பாஞ்சில் உள்ள சர்க்கரையை மட்டும் குறைக்காதீர்கள். வெள்ளைக் கரு நுரை உறுதியாக நிற்பதே அதனால்தான்.

முட்டை இல்லாமல்?

வரும், ஆனால் அதே கேக் வராது. முட்டை நுரை தருகிற காற்றறைகளை வேறு எதுவும் அப்படியே தருவதில்லை. எனக்கு ஓரளவு திருப்தி தந்தது தயிர் ஸ்பாஞ்ச். 250 கிராம் தயிரில் 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அதில் 80 மில்லி வாசனையில்லாத எண்ணெய், 190 கிராம் சலித்த மைதா, வெனிலா சேர்த்து, அதிகம் கலக்காமல் அதே தட்டில் ஊற்றி 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடுங்கள். எண்ணெய் இருப்பதால் இது பாலைக் குறைவாகத்தான் குடிக்கும். 300 மில்லியோடு நிறுத்துங்கள். ஒரு இரவு கட்டாயம் ஊற வேண்டும்.

கிரீம் கெட்டியாக அடிபடவில்லை.

டப்பாவில் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் எவ்வளவு நேரம் அடித்தாலும் தளர்வாகவே இருக்கும். 35 சதவீதம் என்றால் நன்றாக வரும். கிரீம், கிண்ணம், பீட்டர் கம்பிகள் மூன்றும் அடிப்பதற்கு முன் ஃப்ரிட்ஜில் சில்லென்று ஆகியிருக்க வேண்டும். மென்மையான கூம்பு நின்றதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் வெண்ணெய் திரளத் தொடங்கும். பரிமாறுகிற அன்று பூசுவது நல்லது. மேலே பட்டைப்பொடி தூவலாம், பழம் வைக்கலாம். புளிப்புள்ள பழமாக இருந்தால் பாலின் தித்திப்போடு நன்றாகச் சேரும்.

வேறு ருசியில் செய்யலாமா?

பால் கலவையில் 2 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபி கரைத்தால் அருமையாக இருக்கும், என் முதல் தேர்வு அதுதான். சாதாரணப் பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால் ஊற்றலாம். சாக்லேட் வேண்டுமென்றால் மைதாவில் 15 கிராமை எடுத்துவிட்டு அவ்வளவு கோகோ பவுடர் சேருங்கள். கோகோவில் கொழுப்பு இருப்பதால் நுரை சீக்கிரம் அடங்கும், கலக்கும்போது கை இன்னும் மெதுவாகப் போகட்டும்.

எத்தனை நாள் இருக்கும்? முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

மூடி வைத்து ஃப்ரிட்ஜில் 3 நாள். பாலும் கிரீமும் என்பதால் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் நேரத்தில் ஒரு மணி நேரமே அதிகம். விருந்து சனிக்கிழமை என்றால் வியாழன் ஸ்பாஞ்ச், வெள்ளி மாலை பால், சனி கிரீம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பழசான ஸ்பாஞ்ச் கொஞ்சம் உலர்ந்திருப்பதால் பாலை இன்னும் நன்றாகவே இழுக்கும். ஊறாத ஸ்பாஞ்சைக் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். ஊறியதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீர் பிரிந்துவிடும்.

தட்டிலிருந்து கவிழ்த்து எடுக்கலாமா?

வேண்டாம். தட்டிலேயே வெட்டுங்கள். மெல்லிய கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து நேராக இறக்கி, இழுக்காமல் மேலே எடுங்கள். முதல் துண்டு எப்படியும் கொஞ்சம் உடையும், ஓரத் துண்டாகப் பார்த்து எடுங்கள். அப்புறம் அகலக் கரண்டியை அடியில் முழுக்க விட்டுத் தூக்கினால் மற்றவை முழுசாக வரும். குழிவான தட்டில் பரிமாறுங்கள். கரண்டி அழுத்தியதும் பால் கசிந்து சுற்றிலும் நிற்கும்.